துணைவேந்தரின் சைக்கிள்

துணைவேந்தர் அம்பலவாணன் வகித்த பதவிகளை வாசித்து முடிப்பதற்குள் மேடையில் வைத்த டீ ஆறிவிடும். விழாவில் அவரை அறிமுகப்படுத்தும் பொறுப்பு தற்காலிக விரிவுரையாளர் செண்பகவல்லியின் தலையில் விழுந்தது.

"ஒரே நிமிஷம்தான் பேசணும். என் பெருமை ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது. விட்டா, அடுத்த வருஷம் வேலை இல்லம்மா."

"சரிங்க ஐயா."

மேடையேறிச் சொன்னாள்: "ஐயா முதலில் டுடோரியல் வாத்தியார். பத்தாம் வகுப்பில் தோற்றுப்போய் வீட்டில் முடங்கிய என்னை, சைக்கிளில் வந்து வகுப்புக்கு அழைத்துப் போனார். பிறகு வந்த பதவியெல்லாம் அந்த சைக்கிளுக்குப் பின்னால்தான்."

கைதட்டல் அடங்கவில்லை. டுடோரியல் வேலையை யாரிடமும் சொல்லாத துணைவேந்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏதாவது விட்டுப்போச்சுங்களா ஐயா?"

"இல்லம்மா. இத்தனை வருஷமா நான்தான் விட்டிருந்தேன். அடுத்த வருஷமும் நீயே பேசு."