நாலு வருஷத்தை ஒரே நாளில் கிழித்தவர்கள்

கோணமேட்டில் மாவு மில் வைத்திருந்த அண்ணன் தம்பி மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது வீண் பழி. அந்த ஒன்றையும் யாரும் பார்த்ததில்லை.

மூத்தவர் மருதப்பன் பொறுப்பானவர். போன வருஷம் வங்கியில் கடன் வாங்கி மூவரும் ஒரு வீடு வாங்கினார்கள். இன்னும் எட்டு லட்சம் பாக்கி. இந்த வருஷம் அவர்கள் நிலம் சாலைக்குப் போய், கையில் எட்டு லட்சம் வந்தது. தம்பிகள் கொழந்தைவேலுவும் சடையாண்டியும் அன்றைக்கே ஒட்டகம் என்ன விலை என்று விசாரித்ததும் மருதப்பன் பணப்பையை எடுத்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பணம் கரைவதற்குள் கடனை அடைத்து வீட்டுப் பத்திரத்தை வாங்கிவிட வேண்டும். அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

வங்கியில் மேனேஜர் அம்மாள் பொறுமையாகச் சொன்னார்: "ஐயா, உங்களுது நிலையான வட்டி. அஞ்சு வருஷத்துக்கு ஏறாது, இறங்காது. அதுக்குள்ள மொத்தமா அடைச்சா பதினாறாயிரம் அபராதம். இன்னும் நாலு வருஷம் போகட்டும், அப்புறம் ஒரு பைசா கூடுதலா வேண்டாம்."

பதினாறாயிரத்துக்கு எங்கே போவது? வீட்டில் ஆலோசனை நடந்தது.

"நாலு வருஷம் எப்படிண்ணே போகும்?" என்றான் கொழந்தைவேலு.

"காலண்டர்ல தாள் கிழிச்சாத்தான் நாள் போகும்," என்றான் சடையாண்டி. "போன மாசம் நான் காய்ச்சல்ல படுத்தப்ப யாரும் கிழிக்கல. எழுந்து பார்த்தா அதே தேதி."

"கண்ணால பார்த்தவன் சொல்றான்," என்றார் மருதப்பன்.

வரப்போகும் வருஷங்களுக்குக் காலண்டர் எந்தக் கடையிலும் இல்லை. பழைய பேப்பர் கடையில் விற்காமல் கிடந்த நாலு பழைய காலண்டர்களை வாங்கி வந்தார்கள். விடிந்ததும் கிழிக்க உட்கார்ந்தார்கள். மருதப்பன் குறுக்குவழி பிடிக்காதவர். நாலு தீபாவளிக்கும் தம்பிகளை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தார். ஒவ்வொரு அமாவாசைக்கும் காக்கைக்குச் சோறு வைத்தார். சாயங்காலம் தெருவில் ஒரு காக்கையாலும் பறக்க முடியவில்லை.

மறுநாள் பணப்பையோடு வங்கியில் நின்றார்கள். "மேடம், நாலு வருஷம் போயிடுச்சு."

மேனேஜர் அம்மாள் சிரிக்கவில்லை. அந்த ஊருக்கு வந்து அவருக்கும் பழகிவிட்டது. "அப்படியா? அப்ப நாற்பத்தெட்டு மாசத் தவணை கட்டாம இருக்கீங்க. வீடு ஏலத்துக்குத்தான் போகும்."

மருதப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. "கிழிச்சதை ஒட்டிட்டா விட்டுடுவீங்களா, மேடம்?"

"தாராளமா ஒட்டுங்க."

மைதாப் பசை காய்ச்சி, ஒரு தாள் விடாமல் ஒட்டினார்கள். நாலு காலண்டரையும் சுவரில் மாட்டிவிட்டு மருதப்பன் முதல் தாளைப் படித்தார். அவர்கள் வீடு வாங்குவதற்கு மூன்று வருஷம் முந்தின ஜனவரி முதல் தேதி.

"அண்ணே," என்றான் கொழந்தைவேலு, "நாம இன்னும் வீடே வாங்கலையே!"

"அப்ப இது யார் வீடுடா?"

"பொன்னுரங்கம் வீடு. அவர்தானே நமக்கு விக்கப் போறாரு."

மருதப்பனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. "அடப்பாவிகளா, அடுத்தவன் வீட்டுக்குள்ள அடுப்பு மூட்டிச் சமைச்சிருக்கோமே!"

பாத்திரம் பண்டமெல்லாம் தெருவுக்கு வந்தன. வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பூட்டி, சாவியைப் பொன்னுரங்கத்திடம் கொண்டுபோய் நீட்டினார்கள். "தெரியாம குடியிருந்துட்டோம், மன்னிச்சுக்குங்க."

பொன்னுரங்கம் சாவியைப் பார்த்தார். பிறகு மருதப்பன் கக்கத்தில் இருந்த பணப்பையைப் பார்த்தார்.

"வீடு விலைக்கு வருமாண்ணே?" என்றார் மருதப்பன், தயங்கித் தயங்கி.

"வரும். எட்டு லட்சம்."

அங்கேயே பையைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது மருதப்பனுக்கு மனசு நிறைந்திருந்தது. தம்பிகள் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"பார்த்தீங்களாடா? கடனே வாங்காம வீட்டை வாங்கியாச்சு. இனிமே எவன் நம்மகிட்ட அபராதம் கேப்பான்?"