சாய்ந்த சப்பரம்

"தாயே, எனக்கு இன்னும் கொஞ்சம் பலம் வேணும். வேற எதுவும் கேட்கல."

திருவிழாவன்று காலையில் மடத்து வாசலில் வந்து நின்றார் சங்கரலிங்கம். மடத்து அம்மை அவரைவிட வயதில் சிறியவள். ஆனாலும் அவளைத்தான் குருவாக நினைத்திருந்தார்.

அம்மை, அம்மனைத் தூக்கிப் போகும் சப்பரத்துக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"பலம் எதுக்கு அண்ணாச்சி?"

"என் வீட்டுக்காரி ஆவுடையைப் பார்த்துக்கத்தான். பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமா படுத்த படுக்கை. குளிப்பாட்டுறது, ஊட்டுறது, புரட்டிப் படுக்க வைக்கிறது எல்லாம் நான்தான்."

"உங்க கொழுந்தியா கூடமாட இருக்கேன்னு சொன்னாளாமே?"

"நான் செய்யுற மாதிரி அவளுக்கு வராது. இப்பக்கூட அரை மணி நேரம்னு சொல்லித்தான் அவளைத் துணைக்கு உட்கார வச்சுட்டு வந்திருக்கேன்."

அப்புறம் அவர் குரல் இறங்கியது.

"நேத்து கஞ்சியைத் துப்பிட்டா. கையை ஓங்கிட்டேன் தாயே. அடிக்கல. ஆனா அவ பயந்து கண்ணை மூடிக்கிட்டா."

அம்மை மாலையை முடிந்துவிட்டு எழுந்தாள்.

"சப்பரம் தூக்க வாங்க."

"இப்பவா?"

"அம்மன் கிளம்பியாச்சு. வாங்க!"

தவில் அதிர்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். சப்பரம் தோள்களின் மேல் துள்ளிக்கொண்டு தெருவில் இறங்கியது. ஒரு மூலையில் தோள் கொடுத்திருந்த சங்கரலிங்கத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

முதல் தெருமுக்கு வந்ததும், முன்னால் வழிநடத்திப் போன இசக்கி கத்தினார்.

"ஆள் மாத்து!"

காத்திருந்தவர்கள் உள்ளே புகுந்து தோள் கொடுத்தார்கள். தூக்கி வந்தவர்கள் சிரித்துக்கொண்டே விலகி, மோர்ப் பந்தலுக்குப் போனார்கள்.

சங்கரலிங்கம் விலகவில்லை.

அடுத்த முக்கிலும் விலகவில்லை.

"விலகுங்க மாமா, நான் பிடிக்கேன்" என்றான் ஒரு பையன்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கல. நீ போப்பா!"

கீழத்தெரு திரும்பும்போது கூட்டம் அலறியது.

"ஐயோ, அம்மன் சாயுதே!"

சங்கரலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். அவர் பக்கத்து மூலை தணிந்துபோயிருந்தது. கிரீடம் சரிந்து, மாலை ஒரு பக்கமாக நழுவியது. மூச்சைப் பிடித்து ஏந்தினார். மூலை எழும்பவில்லை.

"ஓய்! உமக்கு வலிக்குதான்னா கேட்டோம்? மேல பாரும்!" என்று இசக்கி சத்தம் போட்டார்.

அம்மை ஓடிவந்து அதே கம்பின் கீழ் தன் தோளை வைத்தாள்.

"விடுங்க அண்ணாச்சி."

"விட்டா விழுந்துரும் தாயே!"

"விடுங்க."

விட்டார்.

சப்பரம் நிமிர்ந்தது. அம்மன் நேராக உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கிப் போனாள். அவரில்லாமலே போனாள்.

அவர் வெறுங்கையோடு நின்றார். பிறகு கூட்டத்தோடு பின்னால் ஓடினார்.

அவருடைய தெரு வந்தது. வீட்டு வாசலில் ஒரு நாற்காலி. நாற்காலியில் ஆவுடை!

தலையில் பிச்சிப்பூ. நன்றாக இருந்த ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்து அம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். தங்கச்சி பின்னால் நின்று தோளைப் பிடித்திருந்தாள்.

"இவளை யாரு வெளிய கொண்டாந்தது?"

"நான்தான் அத்தான். அக்கா கேட்டா. பக்கத்து வீட்டு ஆளுங்க ஒரு கை பிடிச்சாங்க."

சங்கரலிங்கம் மனைவியின் முன்னால் குனிந்தார்.

"ரெண்டு வருஷத்துல என்கிட்ட ஒரு தடவைகூடக் கேட்கலியே ஆவுடை?"

அவள் நாக்கு குழறியது. ஆனாலும் சொன்னாள்.

"உங்களைப் பார்த்தா... கேட்க மனசு வரல."

தவில்காரர் வேகம் கூட்டினார். தெருவே ஆட ஆரம்பித்தது.

ஆவுடை முகவாயால் கூட்டத்தைக் காட்டினாள்.

"நல்லா ஆடுவீகளே... போங்க."