கரை மண்டபத்துக் கை

கிட்ட வாங்க, கண்ணுகளா. சுவரில் முதுகு சாய்த்திருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். ஏன் என்று போகப்போகத் தெரியும். இன்றைக்கு ஒரு கதை சொல்கிறேன். நடுவில் பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கை சூடாக இருந்தால் போதும், ஒன்றும் ஆகாது.

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று நான் சொல்லப் போவதில்லை, ஒரு ராஜா இருந்தார். அவருக்கு ஒரு கிறுக்கு. யார் பெயரைக் கூப்பிட்டாலும், கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் "இதோ, அரசே" என்று பதில் வந்துவிட வேண்டும். தாமதித்தவனுக்கு அன்றோடு பதவி போய்விடும். வாயில் சோறு இருக்கும்போது கூப்பிடுவார், கொட்டாவி விடும்போது கூப்பிடுவார். பிரதானிகள் எல்லாரும் எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் முதல் ஆள் காளத்தியார். முப்பது வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. தூக்கத்தில் கூப்பிட்டாலும் சொல்லுவார் என்று அவர் பெண்சாதியே பெருமை பேசுவாள்.

தாத்தா, அப்பாவுக்குப் பிறகு இந்தக் காளத்தியார்தான் ஏரிப்பற்றுக்கு நாயகம், அதாவது அதிகாரி. ஏரிப்பற்று என்றால் பெரிய ஏரியின் கரைக்குக் கீழே இருந்த ஏழு ஊர்கள். மற்ற ஊர்க்காரர்கள் ராஜாவுக்கு ஒரு வரி கொடுத்தால் தீர்ந்தது. இந்த ஏழு ஊர்க்காரர்கள் மட்டும் கரை வரி என்று இன்னொன்றும் கொடுக்க வேண்டும். அதன் கணக்கை ஊரும் கேட்கக் கூடாது, அரண்மனையும் கேட்கக் கூடாது.

ஏனென்றால் அந்த வரியை வாங்குவது மனிதர் இல்லை என்று ஒரு பேச்சு. கரையடியில் ஜன்னல் இல்லாத கல் மண்டபம் ஒன்று இருந்தது. அதன் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு துவாரம். வரி நாளன்று ஜனங்கள் வரிசையாக வந்து, சுவருக்கு முதுகு காட்டி நின்று, காசு வைத்த கையைப் பின்னால் நீட்டுவார்கள். துவாரத்துக்குள்ளிருந்து ஒரு கை வரும். ஈரமாக, பாசிக்கல் போலக் குளிர்ந்திருக்கும். காசை எடுத்துக்கொண்டு போய்விடும். ஏரிக்குள் ஒருத்தி இருக்கிறாள், அவள் கை அது. முகம் திருப்பிப் பார்த்தால் கரை உடையும் என்பது பற்றுச் சட்டம். மூன்று தலைமுறையாக ஒருவரும் திரும்பியதில்லை. அந்தக் குளிர்ச்சியே அவர்களுக்குச் சாட்சி.

அந்த ராஜாவின் சபையில் உலகப்பன் என்று, ராஜாவைச் சிரிக்கவைக்கும் விகடன் ஒருவன் இருந்தான். அவனுடைய அக்கா குருவம்மாள் கரையை ஒட்டிய ஊரில் வாழ்க்கைப்பட்டவள். ஆவணியில் அவளைப் பார்க்கப் போனான். அடுப்பு பற்றவில்லை. சாம்பலில் கை வைத்தான், நனைந்திருந்தது.

"மழையே இல்லையே அக்கா?"

"கீழேருந்து ஊறுதுடா தம்பி. ராத்திரி அள்ளி ஊத்துனா விடியறதுக்குள்ள திரும்ப நிக்குது. கரைக்குள்ள யாரோ மூச்சு விடுற மாதிரி சத்தம் வேற. இந்த மழைக்காலத்தத் தாண்டுவோமான்னு தெரியல."

"கரை வரி குடுக்கிறீங்களே, அதுல கரைய அடைக்க மாட்டாங்களா?"

"அத எப்படிடா கேக்கிறது? அவ கிட்டயா?"

உலகப்பன் தரையில் காதை வைத்துக் கேட்டான். சத்தம் இருந்தது.

அடுத்த வாரம் ராஜாவின் பிறந்தநாள். அன்று விகடன் ஒரு வரம் கேட்கலாம் என்பது வழக்கம். போன வருஷம் அவன் கேட்டது ஒரு கூடை பலாச்சுளை. இந்த வருஷம் கைகட்டி நின்று, "அரசே, ஏரிப்பற்றின் கரை வரி எங்கே போகிறது என்று வருஷம் ஒருமுறை ஊரறிய வாசிக்க வேண்டும்" என்றான்.

காளத்தியார் எழுந்தார். உலகப்பனுக்கு ராஜா காட்டும் செல்லம் அவருக்கு நெடுநாளாகவே உறுத்தல். அவருடைய இரண்டு கைகளும் சால்வைக்குள் இருந்தன.

"அரசே, விகடனுக்கு அவ்வளவு அக்கறை இருந்தால் அவனே சொல்லட்டும். முகம் திருப்பாமல், கதவைத் திறக்காமல், யாரையும் விசாரிக்காமல், வரி எங்கே போகிறது என்று சொல்லட்டும். முடியாவிட்டால் அவளுக்குப் பணிவிடை செய்ய மண்டபத்துக்குள் அனுப்பிவிடுவோம். முன்பு அனுப்பிய இருவரும் இன்னும் பணிவிடைதான் செய்துகொண்டிருக்கிறார்கள்."

ராஜாவுக்கு இப்படிப்பட்ட விளையாட்டென்றால் கொள்ளை ஆசை. "ஆகட்டும். வரி நாளன்று உச்சிப்பொழுதில் நாமே அங்கு வருவோம். பதில் தயாராக இருக்கட்டும்" என்றார்.

புரட்டாசியில் வரி நாள் வந்தது. வெயில் வெள்ளையாக அடித்தது, ஆனால் மண்டபத்தைச் சுற்றி ஒரு காக்கைகூட இல்லை. தண்ணீர் அசையவில்லை. வரிசையில் பேச்சில்லை, குழந்தைகளின் கண்களைத் தாய்மார்கள் முந்தானையால் மூடியிருந்தார்கள். உலகப்பன் அக்காவுக்குப் பதிலாக வரிசையில் நின்றான். முறை வந்ததும் சுவருக்கு முதுகு காட்டினான். கையைப் பின்னால் நீட்டினான்.

குளிர்ந்த விரல்கள் அவன் உள்ளங்கையில் ஊர்ந்தன. காசை எடுத்தன. விலகப் பார்த்தன.

அவன் விடவில்லை. மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டான்.

சுவருக்குள் ஏதோ உருண்டது. பிறகு குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்: "விடு. உன் வம்சத்தில் விளக்கேற்ற ஆள் இருக்காது."

ஜனங்கள் அலறிக்கொண்டு பத்தடி விலகினார்கள். குருவம்மாள் மட்டும் நகரவில்லை. "தம்பி, விட்டுடுடா. உனக்கு ஒண்ணு ஆனா நான் யார் மூஞ்சில முழிப்பேன்?"

"நான் திரும்பிப் பாக்கலையே அக்கா. திரும்பக் கூடாதுன்னுதான் சட்டம். புடிச்ச கைய விடணும்னு எங்க சொல்லியிருக்கு?"

நகங்கள் அவன் தோலைக் கீறின. குரல் கெஞ்சியது, சபித்தது, பிறகு ஓய்ந்தது. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு நாழிகை கழிந்தது, இரண்டு நாழிகை கழிந்தது. அப்போது உலகப்பன் முகத்தில் மெல்ல ஒரு மாற்றம்.

"அக்கா, ஏரிக்குள்ள இருக்கிறவளுக்கு வேர்க்குமா?"

"என்னடா உளர்ற?"

"கை காய்ஞ்சு போச்சு. சூடாகுது. நாடி குதிரை மாதிரி ஓடுது."

உச்சிப்பொழுதுக்கு ராஜா பல்லக்கில் வந்து இறங்கினார். பின்னாலேயே சபை முழுதும் வந்தது. காளத்தியாரை மட்டும் காணோம். மற்ற நாளில் ராஜா எங்கே போனாலும் முதலில் பக்கத்தில் வந்து நிற்பவர் அவர்.

"பதில் எங்கே, விகடா?" என்றார் ராஜா.

"பிடித்து வைத்திருக்கிறேன், அரசே. நான் திரும்பவில்லை, கதவைத் தொடவில்லை, யாரையும் விசாரிக்கவில்லை. தங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். சபை நிறைந்திருக்கிறதா என்று பெயர் கூப்பிட்டுப் பாருங்கள்."

ராஜா சுற்றிலும் பார்த்தார். யார் குறைகிறார் என்று அவருக்கே புரிந்தது. சாதாரணமாக, கொட்டாவி விடுகிறவர்போல, "காளத்தி" என்றார்.

"இதோ, அரசே" என்றது சுவர்.

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். கிரீடம் கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தார். மூன்று தலைமுறையில் முதன்முறையாக ஏழு ஊர் ஜனங்களும் அந்தச் சுவர்ப் பக்கம் முகம் திருப்பினார்கள். கரை உடையவில்லை.

கதவை உடைத்தார்கள். உள்ளே காளத்தியார் தோள்வரை துவாரத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் கை நனைத்துக்கொள்ள ஒரு பானை குளிர்ந்த நீர், குரலுக்கு ஒரு வெறுங்குடம். தரைக் கல்லுக்கு அடியில் காசு. பணிவிடைக்கு என்று அனுப்பப்பட்ட இருவரின் எலும்பும் அங்கேதான் இருந்தது. ராஜாவின் சிரிப்பு அதோடு நின்றது.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று உலகப்பனைக் கேட்டார்.

"கேட்டதுதான், அரசே. மழைக்கு முன்னால் கரையை அடைக்க வேண்டும். வருஷா வருஷம் கணக்கைக் கரைமேல் நின்று உரக்க வாசிக்க வேண்டும். வாசிப்பது காளத்தியாராகவே இருக்கட்டும், காலில் விலங்கோடு. குரல்வளம் உள்ளவர்."

ராஜாவால் மறுபடி சிரிக்காமல் இருக்க முடியவில்லை. கேட்டதைக் கொடுத்து, தன் முத்துமாலையையும் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். இருபது நாளில் கரை அடைபட்டது. குருவம்மாள் அடுப்பில் சாம்பல் உலர்ந்தது.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது, கண்ணுகளா. மண்டபத்தை இடிக்கும் நாளில், ஆட்கள் கடப்பாரை எடுக்கப் போயிருந்த நேரம், உலகப்பன் சும்மா விளையாட்டாகச் சுவருக்கு முதுகு காட்டிக் கையைப் பின்னால் நீட்டினான். உள்ளே ஆள் இல்லை. பானையை என்றைக்கோ உடைத்தாயிற்று.

ஈரமான சின்னக் கை ஒன்று வந்து, அவன் உள்ளங்கையில் ஒரு காசை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டுப் போயிற்று. பாசி பிடித்த பழங்காசு. இந்தக் கையை அவன் பிடித்து வைக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. 'நான் எப்போது கேட்டேன்' என்று ஏரிக்குள் இருப்பவளே திருப்பிக் கொடுத்தாளோ என்னவோ. அதன்பிறகு கரையில் கணக்கு வாசிக்கும்போதெல்லாம், கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார்கள். அவளும் கேட்கட்டும் என்று.

நீங்கள் கொடுப்பது எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். உங்கள் வீட்டு அடுப்புச் சாம்பல் உலர்ந்தே இருக்கட்டும். நீட்டிய கையைப் பிடிக்க எப்போதும் ஒரு சூடான கை உங்கள் வீட்டில் இருக்கட்டும். நன்றாக இருங்கள், என் கண்ணுகளா.