சுவரைச் சுற்றி வந்த விலை

மொடக்கல்பாளையத்தில் வெள்ளையடிக்கிற ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் பொதுவாக ஏணி ஒன்று, வாளி இரண்டு. மூளை எத்தனை என்று மட்டும் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

மூத்தவன் குப்பண்ணன். சின்னவன் நாச்சிமுத்து. நடுவில் செங்கோடன்; பெண்டாட்டிக்குப் பயந்தவன். அவன் பெண்டாட்டி பாவாயி இட்லி மாவு விற்பவள். கிரைண்டர் வாங்க அரிசிப் பானைக்குள் பணம் சேர்த்து வைத்திருந்தாள்.

குப்பண்ணன் ஈரோட்டில் ஒரே நாள் பங்குச் சந்தை வகுப்புக்குப் போய் வந்தான்.

"சார்ட் பார்க்கக் கத்துக்கிட்டேன். பொங்கலுக்குள்ள ஒரு கிரைண்டர் காசு ரெண்டு கிரைண்டர் காசாயிரும்."

"ஆகலைன்னா?" என்றாள் பாவாயி.

"ஆகலைன்னா என்னைக் கேளு புள்ளை."

"கேக்க மாட்டனுங்க. மூணு பேரையும் ஆட்டுக்கல்லுல கட்டி மாவாட்ட விட்டுருவேன்."

வகுப்பில் சொன்னதில் குப்பண்ணனுக்கு நினைவிருந்தது இவ்வளவுதான்: தினமும் விலைக்கு ஒரு புள்ளி வைத்துச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். கோடு நடுவில் அறுபடக் கூடாது. நடந்தது திரும்ப நடக்கும்.

காகிதம் கிழிந்துபோகும் என்று செங்கோடன் வீட்டு உள்சுவரிலேயே கரியால் ஆரம்பித்தார்கள். வாசல் கதவுக்கு வலப்பக்கம், நெஞ்சு உயரத்தில் முதல் புள்ளி. மறுநாள் பானைப் பணத்தை எடுத்து ஒரு சோப்புக் கம்பெனியின் பங்கை வாங்கினார்கள். அப்புறம் நாளுக்கு ஒரு சாண் கோடு.

வாங்கியதிலிருந்து கோடு இறங்கியது. முதல் மூலையில் இடுப்பளவு. இரண்டாவது மூலையில் முழங்காலளவு. செங்கோடன் ஆட்டுக்கல் பக்கம் போவதையே நிறுத்திவிட்டான்.

அடுத்த சுவரில் கோடு தரையைத் தொட்டுவிட்டது. நாச்சிமுத்து மட்டும் குதித்தான்.

"இனிமே கீழ எடமே இல்லீங்கண்ணா! வெலை எப்படி எறங்கும்?"

மறுநாள் டீக்கடைப் பேப்பரில் விலை இன்னும் இறங்கியிருந்தது.

"தரையைத் தோண்டலாமுங்களா?" என்றான் செங்கோடன்.

"சிமெண்டுத் தரைடா. சோப்புக் கம்பெனி போய் சிமெண்டை ஒடைக்குமா? பேப்பர்க்காரன் தப்பாப் போட்டிருக்கான்" என்றான் குப்பண்ணன்.

கோடு தரையோரமாகவே ஊர்ந்து, சுவரெல்லாம் முடிந்து கதவுக்கு வந்தது. கதவைத் திறந்தால் கோடு அறுபடும். ஆகவே கதவைப் பூட்டி, ஜன்னல் கம்பிகளைக் கழற்றி, அந்த வழியாகப் போய் வந்தார்கள். நாச்சிமுத்து நடுவில் சிக்கிக்கொண்டபோது பாவாயி மாவுக் கரண்டியால் தட்டித் தள்ளினாள்.

பொங்கலுக்கு முதல் நாள் கோடு முதல் புள்ளிக்கு நேர் கீழே வந்து நின்றது.

"இப்ப என்னுங்கண்ணா பண்றது?" என்றான் செங்கோடன்.

"அறுபடக் கூடாது. சேர்த்து விடு."

செங்கோடன் தரையிலிருந்து நெஞ்சு உயரத்துக்கு ஒரே இழுப்பாக இழுத்தான்.

"ஒரே நாள்ல இத்தனை ஏத்தமா!" என்று நாச்சிமுத்து விசிலடித்தான்.

குப்பண்ணன் முதல் புள்ளியில் விரலை வைத்தான்.

"டேய், நடந்தது திரும்ப நடக்கும்னாங்கல்ல? இது நாம மொதல் புள்ளி வெச்ச நாள். நாம இன்னும் பங்கே வாங்கலை!"

செங்கோடனுக்கு இத்தனை நாள் வராத மூச்சு வந்தது. "பாவாயி! நட்டமே வரலை புள்ளை! உன் காசு பானையிலதான் இருக்குது!"

பாவாயி பானையைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். அரிசி கொட்டியது. பணம் இல்லை.

மூவரும் அரிசியைக் கையால் துழாவிப் பார்த்தார்கள்.

"திருட்டு" என்றான் குப்பண்ணன், குரலைத் தாழ்த்தி.

"கதவுதான் பூட்டியிருக்குதே. எப்படி வந்திருப்பான்?" என்றான் நாச்சிமுத்து.

"ஜன்னல் வழியாத்தான். பாரு, கம்பியைக்கூடக் கழட்டிட்டுப் போயிருக்கான்."

அதே ஜன்னல் வழியாக இறங்கி மூவரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். ஏட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பொங்கல் கழியட்டும், விசாரிக்கலாம்."

"ஐயோ, அவ்வளவு நாள் தாங்காதுங்க" என்று செங்கோடன் கையெடுத்துக் கும்பிட்டான். "நாளைக்குள்ள காசு கெடைச்சாகணும். சோப்புக் கம்பெனிப் பங்கு வாங்கணுமுங்க. சுவத்துல போட்டிருக்குது."