முதலாளியின் கவலை

கோயம்புத்தூர் மில் முதலாளி ரங்கராஜுலுவிடம் அறுபது வயதான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. அதன் மேல் வெயில் பட்டால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். டிரைவர் பொங்கியண்ணன் மேல் பட்டால் ஒன்றும் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளப் நண்பர்கள் இருவர் காபியோடு பார்த்திருக்க, முதலாளி போர்ட்டிகோவில் காரின் முன்பக்கத்தை ஒற்றை ஜாக்கியில் தூக்கி நிறுத்தினார். “அடியிலே படுத்து ஆயில் எங்கே ஒழுகுதுன்னு பாரு” என்றார்.

“ஜாக்கி தூக்கறதுக்குத்தானுங்க, தாங்கறதுக்கு இல்லீங்க. ரெண்டு ஸ்டேண்டு வெச்சு, பின்னாடி டயருக்குக் கல்லு குடுத்துட்டா படுத்துக்கறனுங்க” என்றார் பொங்கியண்ணன்.

“ஸ்டேண்டு பெயிண்ட்டைக் கீறிடும். இது லண்டன் ஜாக்கி, எங்கப்பா வாங்கினது. இப்பப் படுக்கறியா, இல்லே வேலையை விட்டுப் போறியா?”

பொங்கியண்ணன் துண்டைத் தரையில் விரித்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“என்ன, உயிர் மேலே பயமா?”

“என்ற உசுரு கெடக்குதுங்க மொதலாளி. கார் என்ற மேல விழுந்தா போலீஸ் கேசாயிருமுங்க. வண்டிய ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போயிருவாங்க. கேசு முடியற வரைக்கும், வேப்பமரத்தடியில மணல் லாரிக்குப் பக்கத்துல நிக்கோணும். மழை, வெயிலு, காக்கா எச்சம்...”

“ஐயோ, நிறுத்துய்யா!”

முதலாளி ஷெட்டுக்கு ஓடினார். ஸ்டேண்டுகளைத் தானே சுமந்து வந்தார். டயருக்குக் கல் வைத்தார், காரை ஸ்டேண்டுகளில் இறக்கினார், அசைத்தும் பார்த்தார். நண்பர்கள் காபியை மறந்து சிரித்தார்கள்.

பொங்கியண்ணன் நிம்மதியாக அடியில் நுழைந்தார்.

“பத்திரமா இருக்கா?” முதலாளி குனிந்து கேட்டார்.

“பத்திரமா இருக்கறனுங்க மொதலாளி.”

“உன்னை யாருய்யா கேட்டா?”