ஆறாம் நம்பர் கோர்ட்

"நாளன்னிக்கு நான் ஆடல, மாஸ்டர். ஊருக்குப் போறேன்," என்றாள் ஜெசிந்தா.

நவாஸ் மாஸ்டர் டென்னிஸ் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

பயிற்சி தருகிற மாஸ்டர் என்றதும் நரைத்த தாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு இருபத்தெட்டு வயது. ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. தோள்பட்டை போய், இருபத்திரண்டிலேயே ஆட்டத்தை விட்டவர் அவர். அவள் அவரை மாஸ்டர் என்பாள். அவர் அவளை அக்கா என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

"சரிக்கா," என்றார்.

அவ்வளவுதானா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்வார் என எதிர்பார்த்திருந்தாள்.

தூத்துக்குடியிலிருந்து பத்தொன்பது வயதில் கிளம்பியவள். பன்னிரண்டு வருடமாக டென்னிஸ்தான் தொழில், பெட்டிதான் வீடு. உலக வரிசையில் ஒரே ஒருமுறை முந்நூறுக்குள் எட்டிப் பார்த்தாள். இப்போது அறுநூற்றுச் சொச்சம். கோப்பை என்று ஒன்றும் இல்லை. ரயில்வே வேலைக்கான கடிதம் பையில் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் ஊர் ஊராகப் போய் ஆடுவது முடிந்தது. கோயம்புத்தூரில் நடக்கும் இந்தப் போட்டியை மட்டும் ஆடிவிட்டுப் போடலாம் என்று வந்திருந்தாள். அதற்குள் மனம் விட்டுப்போயிற்று.

காரணம் ஆறாம் நம்பர் கோர்ட்.

அந்தக் கிளப்பில் ஐந்து கோர்ட்டுகள் வரிசையாக இருக்கும். ஆறாவது மட்டும் பம்ப் ரூமுக்குப் பின்னால், கோபித்துக்கொண்டு போன சம்பந்தி மாதிரி தனியாகக் கிடக்கும். பார்க்க வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. இன்று ஜெசிந்தாவின் ஆட்டம் அங்கேதான் நடந்தது.

இந்த ஊரில் மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பாள். லக்னோவில் மரக்கிளைகளை வெட்டிப் போடுகிற மூலை. புனேயில் ஜெனரேட்டர் பக்கம். துருக்கியில் ஹோட்டல் சலவைக்கூடத்துக்குப் பின்னால். அங்கே அவள் ஆட்டத்தைப் பார்த்தவை கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகள் மட்டும்தான்.

"ரெஃப்ரிகூட எட்டிப் பார்க்கல, மாஸ்டர். நான் ஆடிட்டிருக்கும்போது டீ குடிக்கப் போயிட்டாராம்."

இந்த மாதிரிச் சின்னப் போட்டிகளின் தகுதிச் சுற்றில் கோட்டருகே நடுவர் நிற்பதில்லை. பந்து உங்கள் பக்கம் விழுந்தால் உள்ளேயா வெளியேயா என்று நீங்களேதான் சொல்ல வேண்டும். செம்மண் தரை என்பதால் விழுந்த இடத்தில் தடம் இருக்கும். சண்டை வந்தால் ரெஃப்ரி ஓடி வந்து தடத்தைப் பார்ப்பார். ஆறு கோர்ட்டுக்கும் சேர்த்து ஒரே ரெஃப்ரி, குலசேகரன் சார்.

இன்றைய ஆட்டத்தில் முதல் செட்டை முடிக்க அவளுக்கு ஒரே ஒரு பாயின்ட் பாக்கி. எதிராளி அடித்த பந்து கோட்டோரம் விழுந்தது. அவுட் என்று கையைத் தூக்கினாள். அந்தப் பெண்ணும் மறுபேச்சில்லாமல் நாற்காலிக்கு நடந்துவிட்டாள். ஜெசிந்தா தடத்தருகே போனாள். அதன் ஒரு விளிம்பு கோட்டைத் தொட்டிருந்தது. அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, பந்து உள்ளேதான் என்று சொன்னாள். தப்பாகச் சொன்னவர் பாயின்ட்டை இழக்க வேண்டும், அதுதான் விதி. பாயின்ட் போனது, பின்னாலேயே செட்டும் போனது. ஒரு செட் கூடுதலாக ஓடி, கணுக்கால் வீங்கி, மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஜெயித்தாள்.

"அங்க யார் பார்த்தா? ஒருத்தரும் இல்ல. வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாமே," என்றார் மாஸ்டர்.

"எப்படி இருக்க முடியும்? நான் பார்த்துட்டேனே."

மாஸ்டர் ஒரு முடிச்சை இறுக்கினார்.

"பன்னெண்டு வருஷம், மாஸ்டர். என்ன ஆயிட்டேன் நான்? அதையாவது சொல்லுங்க."

அவர் ராக்கெட்டைக் கீழே வைத்தார். நாளைக்கு அவளுக்கு ஆட்டம் உண்டா என்று கேட்டார். இல்லை, பட்டியலின் மற்றப் பாதியில் இருப்பவர்களுக்குத்தான் என்றாள்.

"அப்போ குலசேகரன் சார் பக்கத்துல ஒரு சேர் போட்டு உக்காருங்க. சாயங்காலம் வரைக்கும்."

"எதுக்கு?"

மாஸ்டர் அடுத்த ராக்கெட்டை எடுத்துக்கொண்டார். இனி அவர் வாயிலிருந்து ஒன்றும் பெயராது என்று அவளுக்குத் தெரியும்.

"உக்காந்துட்டு அப்படியே ரயிலுக்குப் போயிடுவேன்."

"போங்கக்கா."

மறுநாள் காலை எட்டு மணிக்கே போய் உட்கார்ந்தாள். விலகிக்கொள்வதாகச் சொன்னாள். குலசேகரன் சார் முகம் சுருங்கியது. ஐந்து மணிக்குத்தான் நாளைய பட்டியல் ஒட்டுவேன், அதுவரை யோசியுங்கள் என்றார்.

அதற்கு மேல் பேச அவருக்கு நேரமில்லை. இரண்டாம் கோர்ட்டில் ஒருத்தி தடத்தைக் காலால் அழித்துவிட்டாள் என்று கூச்சல். அவர் அங்கே ஓடினார். நாலாம் கோர்ட்டில் வேலிக்கு வெளியே இரண்டு அப்பாக்கள் கைகலப்புக்குத் தயாராக நின்றார்கள். அங்கேயும் ஓடினார். ஒன்றாம் கோர்ட்டில் ஆளுக்கு ஒரு தடத்தைக் காட்டி இதுதான் என்று சாதித்தார்கள். இரண்டுமே முந்தைய ஆட்டத்துத் தடங்கள்.

பதினோரு மணிக்குள் சாரின் வெள்ளை ஷூ செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஜெசிந்தாவுக்கே பாவமாக இருந்தது. அந்த நாற்காலியில் அவர் முழுசாகப் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க மாட்டார்.

மதியம் இரண்டு மணிக்கு நாலு ஆட்டம் தேங்கி நின்றது. முறைக்காகக் காத்திருந்தவர்கள் மர நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள்.

ஆறாம் கோர்ட் காலையிலிருந்து காலியாகக் கிடந்தது. தண்ணீர் தெளித்து, மண்ணை இழுத்துச் சமன்செய்து, கோடுகளைப் பெருக்கி வைத்திருந்தார்கள். ஒருவர்கூட அங்கே கால் வைக்கவில்லை.

இதைக் கவனித்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நெருக்கடியிலும் யாருக்கும் கொடுக்க மனசு வராத இடம், தனக்கு மட்டும் போதும் என்று தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவரிடம் கேட்டே விட்டாள். "ஆறாம் கோர்ட் சும்மாத்தானே கிடக்கு, சார்? இவங்கள்ல ரெண்டு பேரை அங்க விடலாமே."

அவர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். "அங்க யாரை விடறதும்மா? இங்கிருந்து பார்த்தா அது தெரியாது. நான் அந்தப் பக்கம் போனா இங்க அஞ்சுலயும் அடிதடி."

"நேத்து மட்டும் ஆட்டம் போட்டீங்க?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கிறாளோ என்று அவர் ஒரு கணம் பார்த்தார்.

"நேத்து உங்களுக்கு மேட்ச் இருந்துச்சு."



அவர் பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார். "டிரா லிஸ்ட்ல உங்க பேர் இருந்தா எங்க ரெஃப்ரிங்க எல்லாருக்குமே கையில ஒரு கோர்ட் கூடுதலா இருக்கிற மாதிரி. நீங்க அந்தப் பக்கம் நின்னா, எதிர்ல ஆடறவங்களுக்கும் பொய் சொல்ல நாக்கு கூசும். நேத்துதான் இந்த வாரத்துலயே நான் உக்காந்து ஒரு டீ குடிச்சேன்."

மூன்றாம் கோர்ட்டில் யாரோ கத்தினார்கள். அவர் ஓடினார்.

ஜெசிந்தா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். லக்னோ மூலை, புனே ஜெனரேட்டர், துருக்கிப் படுக்கை விரிப்புகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எந்த ஊரிலும் எந்த ரெஃப்ரியும் அவளை எட்டிப் பார்த்ததில்லை. நினைக்க நினைக்க நெஞ்சு நிமிர்ந்தது. கண்ணும் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. பெருமையாக இருந்தது, அப்பட்டமான பெருமை. யார் பார்த்தால் என்ன?

ஐந்து மணிக்கு குலசேகரன் சார் பேனாவும் தாளுமாக வந்து உட்கார்ந்தார்.

"உங்க பேரை எடுத்துடட்டுமாம்மா?"

"இருக்கட்டும், சார்."

அவர் முகம் மலர்ந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு, தாளில் இருந்த முதல் கட்டத்தைக் காட்டினார். "கடைசிப் போட்டின்னு நவாஸ் சொன்னார். பத்து மணிக்கு ஒண்ணாம் கோர்ட் இருக்கு. நாலு பேர் உக்காந்து பார்ப்பாங்க. போடட்டுமா?"

ஜெசிந்தா ஒன்றாம் கோர்ட்டைப் பார்த்தாள். படிக்கட்டு வரிசை, கலர் குடைகள், பெயர் எழுதும் பலகை. எத்தனையோ வருடமாக ஏங்கிய இடம்.

"எனக்கு ஆறையே போடுங்க, சார்," என்றாள். "ஒண்ணை, நீங்க பக்கத்துலயே நிக்க வேண்டியவங்களுக்குக் குடுங்க."