ஆணி அடிக்க வெளியூர் ஆள்

கடலோர ஊர் ஒன்றில் பெரிய வெள்ளிதோறும் பாஸ்கு நடக்கும். ஆண்டவர் பட்ட பாடுகளை ஊர்க்காரர்களே நடித்துக் காட்டுவார்கள். ஒவ்வொரு தொழில்காரர் தெருவுக்கும் ஒரு காட்சி உண்டு. சீடர் ராயப்பர் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலிக்கும் காட்சி மீன்காரர் தெருவுக்கு. சிலுவை சுமக்கும் காட்சி தச்சர் தெருவுக்கு. சிலுவையில் அறையும் காட்சி கொல்லர் தெருவுக்கு. ஆணி மூன்று. நான்கு என்று சொல்லும் ஊர்களும் உண்டு. இங்கே மூன்று.

பாஸ்கு சொல்லிக்கொடுப்பவர் தொம்மை அண்ணாவியார். வயதாகிவிட்டது. தவக்காலம் தொடங்கினால் அவருக்குக் கால் வீங்கும். அத்தனை தெருக்காரர்களிடமும் கத்திக் கத்தித் தொண்டையும் போயிருந்தது.

ஒத்திகை முடிந்த ஒரு பிற்பகல் கொல்லன் இஞ்ஞாசி அவர் முன்னால் வந்து நின்றான். அவருடைய சீடர்களில் நெடுங்காலம் கூட இருப்பவன் அவன்தான்.

“ஐயா, இந்த வருஷம் நான் ஆணி அடிக்கலை.”

“கை வலியா?”

“இல்லை. பிள்ளை சாப்பிட மாட்டேங்கா.”

அண்ணாவியார் காலைத் தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ரோசலியா?”

“ஆமா. போன வருஷம்தான் முதல்தடவையா பாஸ்கு பார்த்தா. அன்னையிலருந்து என் கையால எது குடுத்தாலும் வாங்க மாட்டேங்கா. அவ அம்மா குடுத்தா சாப்பிடுதா. நான் தொட்டா அழுதா.”

“நடிப்புன்னு சொன்னியா?”

“சொன்னேன். ஆணி விரலிடுக்குலதான் போகுதுன்னு பலகையில வச்சு அடிச்சே காட்டினேன். சந்தியாகுவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்.”

சந்தியாகு இயேசுவாக நடிப்பவன். வலை பின்னுவது தொழில். பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான்.

“ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினேன், அண்ணாவியாரே. பிள்ளை என் கையைப் பார்க்கவேயில்லை. அவ அப்பன் கையையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.”

“தெருவுல வேற யாரு அடிப்பா?” என்றார் அண்ணாவியார்.

“கேட்டுட்டேன். எல்லாருக்கும் பிள்ளை இருக்கு. பக்கத்து ஊர்ல பாக்கியநாதன்னு ஒரு கூத்துக்காரர் இருக்காரு. கூப்பிட்டா வருவாரு.”

“கூட்டிட்டு வா.”

இவ்வளவு எளிதாகச் சம்மதம் கிடைக்கும் என்று இஞ்ஞாசி நினைக்கவில்லை.

“கோபமா, ஐயா?”

“கோபப்படத் தெம்பு இல்லைப்பா. கூட்டிட்டு வா.”

சந்தியாகு கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “ஏல இஞ்ஞாசி, அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுமால? என் விரலுதான அங்க கிடக்கப்போகுது.”

தெருத் தலைவர்களுக்கு மகிழ்ச்சி. வெளியூர் நடிகன் என்றால் கூட்டம் கூடும் என்றார்கள். கூடியது.

பெரிய வெள்ளி பிற்பகல், கோயில் முற்றத்தில், இஞ்ஞாசி மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். அந்தக் காட்சியின்போது அவன் கூட்டத்துக்குள் நிற்பது அதுவே முதல்முறை.

“இன்னைக்கு நீ அடிக்கலையாப்பா?”

“இல்லை.”

“அப்போ யாரு அடிப்பா?”

“ஒரு வெளியூர் மாமா.”

பாக்கியநாதன் நல்ல நடிகன். முதல் ஆணியை வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரித்தான். “பாவி!” என்று ஒரு பெண் கத்தினாள். யாரோ மண்ணை அள்ளி வீசினார்கள். இரண்டாவது ஆணிக்குக் கல் வந்தது. பிறகு கற்கள் வந்தன. மூன்றாவது ஆணியை அவன் அடிக்கவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

சிலுவையில் படுத்திருந்த சந்தியாகுதான் எழுந்து ஓடி அவன்மேல் கவிழ்ந்து மறைத்தான். அப்போதுதான் கல் நின்றது.

கூட்டம் கலைந்தபோது எல்லார் முகமும் தெளிவாக இருந்தது. கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் போலச் சத்தமாகப் பேசிக்கொண்டே போனார்கள்.

இஞ்ஞாசி பாக்கியநாதனைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயத்தைக் கழுவிக் கட்டினான். மறுநாள் காலையில் ஊர் எல்லைவரை கூடவே நடந்தான்.

“இனிமே கூப்பிடுறதுன்னா முதல்ல எனக்கு ஒரு இரும்புத் தொப்பி அடிச்சு வச்சிட்டுக் கூப்பிடுங்க, கொல்லரே” என்றான் பாக்கியநாதன். சிரிக்கப் பார்த்தான். கட்டு இழுத்தது.

அங்கிருந்து இஞ்ஞாசி நேரே அண்ணாவியார் வீட்டுக்குப் போனான். அவர் வெந்நீர்ச் சட்டிக்குள் காலை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“பிள்ளை சாப்பிட்டாளா?”

“சாப்பிட்டா. நேத்து என் கையாலதான் கஞ்சி குடிச்சா. குடுக்கக் குடுக்க வாங்கினா.”

“பிறகு என்ன?”

இஞ்ஞாசி தரையில் உட்கார்ந்தான்.

“குடிச்சுக்கிட்டே சொல்லுதா, ஐயா. ‘நானும் ஒரு கல்லு எறிஞ்சேம்பா’ன்னு. பக்கத்துல நின்ன யாரோ எடுத்துக் குடுத்திருக்காங்க, என் தோள்ல இருந்துதான் எறிஞ்சிருக்கா. எனக்குத் தெரியலை.”

அண்ணாவியார் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

“அவ முகத்துல அவ்வளவு சந்தோஷம். ‘நல்லா எறிஞ்சேனா’ன்னு வேற கேட்டா.”

“நீ என்ன சொன்னே?”

“அடுத்த வாய் குடுத்தேன்.”

வெந்நீர் ஆறிவிட்டது. அண்ணாவியார் ஒரு காலை எடுத்துத் துண்டால் துடைத்தார். பிறகு மற்றக் காலை.

“நான் அடிச்ச வருஷத்துல எல்லாம் ஒருத்தரும் ஒரு பிடி மண்ணு வீசினதில்லை, ஐயா. வாயைப் பொத்திக்கிட்டு நிப்பாங்க. வீட்டுக்குப் போறப்பவும் பேச மாட்டாங்க. எனக்கு நடிக்க வரலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

“ஊர்க்காரன் உன் மேல எப்படி எறிவான்? அவன் வீட்டுக் கதவுல இருக்கறது நீ அடிச்ச ஆணி.”

இஞ்ஞாசி தலையைக் குனிந்துகொண்டான். தெருவில் யாரோ நேற்றைய கல்லடியைப் பற்றிச் சிரித்துப் பேசியபடி போனார்கள். பேச்சு தூரமாகும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

“அடுத்த வருஷம் நானே வாரேன்.”

“வா.”

“பிள்ளை மறுபடியும் என் கையால சாப்பிட மாட்டா.”

“மாட்டா.”

“எத்தனை நாளைக்கு, ஐயா?”

அண்ணாவியார் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“‘உன் மேல ஏம்பா யாரும் கல்லு எறியலை’ன்னு ஒரு நாள் உன்னைக் கேப்பா. அதுவரைக்கும் அவ அம்மா ஊட்டட்டும்.”